மலிவு விலை டபுள் பேஸும் ஸ்லாப் வாசிப்பும்: ஒரு மறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் இசைப் பகுதியில், 1950களில் அமெரிக்காவில் பிறந்த ராக் அண்ட் ரோலின் தொடக்க வடிவமான ராக்கபில்லி இசையைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். தமிழில் இந்த இசையைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே என்பதால் கட்டுரையாளருக்கு முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆயினும், ஒட்டுப்பலகையால் செய்யப்பட்ட மலிவு விலை டபுள் பேஸில் (வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய கருவி) தந்தியைப் பலகையில் மோதவிடும் ஸ்லாப் முறையில் வாசிக்க இயலாது என்றும், முழு மரத்தைச் செதுக்கிச் செய்த கருவியை வாங்கும் வசதி வரும்வரை காத்திருப்பதே நல்லது என்றும் அதில் ஓரிடத்தில் கூறப்பட்டிருந்தது. இந்தக் கருவியை நெடுங்காலமாக வாசித்தும், பிறருடைய கருவிகளைச் சீரமைத்துக் கொடுத்தும் வருபவன் என்ற முறையில், அந்தக் கருத்தை மறுப்பது என் கடமை என்று கருதுகிறேன். ஸ்லாப் வாசிப்புக்கு ஒட்டுப்பலகைக் கருவியே பொருத்தமானது. அது வாசிக்க முடியாததாகத் தோன்றுவதற்குக் காரணம், கடையிலிருந்து வரும்போது அது எந்த வாசிப்புக்கும் ஏற்றவாறு சீரமைக்கப்படாமல் வருவதுதான்.

ஸ்லாப் என்றதும் பலருக்கு மின் பேஸ் கிதாரைக் கட்டைவிரலால் தட்டும் முறை நினைவுக்கு வரும். டபுள் பேஸில் நடப்பது முற்றிலும் வேறு. வலக்கையின் சுட்டுவிரலை, அல்லது சுட்டுவிரலையும் நடுவிரலையும் சேர்த்து, தந்திக்கு அடியில் கொடுத்து வெளிப்புறமாக இழுத்து விடுகிறோம். திரும்பி வரும் தந்தி, கழுத்தின் மேல் உள்ள விரல்பலகையில் மோதும்போது சுரத்தோடு ‘டக்’ என்ற ஓசையும் எழுகிறது. அதற்கு அடுத்த அரைத் தட்டில் உள்ளங்கையும் விரல்களும் தந்திகளைப் பலகையோடு சேர்த்து அறைகின்றன. அப்போது சுரம் இல்லை, தாள ஓசை மட்டுமே உண்டு. நியூ ஆர்லியன்ஸின் தொடக்க கால ஜாஸ் கலைஞர்களான பாப்ஸ் ஃபாஸ்டர், வெல்மன் பிராட் போன்றோர் வளர்த்த இந்த முறையை ராக்கபில்லி தன் முதுகெலும்பாக்கிக் கொண்டதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு: அந்த இசையின் தொடக்க கால ஒலிப்பதிவுகள் பலவற்றில் டிரம்ஸ் வாசிப்பவரே இல்லை. பில் ஹேலி குழுவின் 1952ஆம் ஆண்டு ஒலிப்பதிவில் மார்ஷல் லைட்டிலும், 1954ஆம் ஆண்டு ஜூலையில் மெம்ஃபிஸ் நகரின் சன் ஸ்டுடியோவில் எல்விஸ் பிரெஸ்லி முதன்முதலாகப் பதிவு செய்த வணிக இசைத்தட்டில் பில் பிளாக்கும், சுரத்தையும் தாளத்தையும் ஒரே கருவியில் சுமந்தார்கள். எல்விஸின் அந்தப் பதிவில் கிதாரும் பேஸும் குரலும் மட்டுமே இருந்தன. டிரம்ஸின் இடத்தை நிரப்பியது விரல்பலகையில் மோதிய தந்தியின் ஓசைதான்.

கட்டுரையாளர் கவனிக்கத் தவறியது, அவர்கள் காலத்துக் கருவிகள் எப்படிப்பட்டவை என்பதைத்தான். சிகாகோவைச் சேர்ந்த கே நிறுவனம் 1930களின் பிற்பகுதியிலிருந்து ஒட்டுப்பலகை டபுள் பேஸ்களைப் பெருமளவில் செய்து விற்றது. பள்ளி இசைக்குழுக்களும் நடன அரங்கக் குழுக்களும் அவற்றையே வாங்கின. பில் பிளாக் வாசித்ததும் கே நிறுவனத்தின் கருவியே. பிற்காலத்தில் அது பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியிடம் சென்று சேர்ந்தது என்பது இசை ஆர்வலர் பலரும் அறிந்த செய்தி. ஒரு தலைமுறையே ரசித்த அந்த ஓசை, அந்தக் காலத்து மலிவு விலைக் கருவியிலிருந்துதான் பிறந்தது.

இதற்கு வரலாற்றுக் காரணம் மட்டுமன்றி, கருவியின் இயல்பு சார்ந்த காரணமும் உண்டு. செதுக்கிய ஸ்ப்ரூஸ் மரத்தின் மேற்பலகை வில்லுக்கும் மென்மையான மீட்டலுக்கும் உடனே நிறைந்து ஒலிக்கும். அந்த உணர்திறனே மேடையில் ஒலிபெருக்கியோடு சேரும்போது ஊளைச் சத்தத்துக்கு வழிவகுக்கும். ஒட்டுப்பலகை அவ்வளவு எளிதில் அதிராது. அதன் ஒலி குறுகியது, சட்டென்று தணிவது. வேகமான தாளத்தில் ஒரு சுரம் அடுத்த சுரத்தோடு கலந்து குழம்பாமல் இருப்பதற்கு அதுவே உதவுகிறது. ஈரப்பதம் மாறும்போது அது எளிதில் வெடிப்பதில்லை. இரவெல்லாம் அறை வாங்கவும், வண்டியில் ஏறி இறங்கவும், சிலரது கையில் மேடையில் சுழற்றப்படவும் வேண்டிய கருவிக்கு இந்த உறுதி அவசியம்.

அப்படியானால் புதிதாக வாங்கியவர்கள் ஏன் சோர்ந்து போகிறார்கள்? மலிவு விலைக் கருவி பெரும்பாலும் பாதி வேலை முடிந்த நிலையில்தான் வந்து சேர்கிறது. தந்திகளைத் தாங்கும் குதிரையின் பாதங்கள் மேற்பலகையின் வளைவுக்குப் பொருந்தும்படி செதுக்கப்பட்டிருப்பதில்லை. குதிரை தேவைக்கு மேல் உயரமாகவும் தடிமனாகவும் இருக்கும். கழுத்தின் மேல்முனையில் உள்ள நட்டில் தந்திகள் பலகையிலிருந்து மிக உயரத்தில் நிற்கும். பூட்டப்பட்டிருக்கும் எஃகுத் தந்திகளோ கரடுமுரடானவை. இந்த நிலையில் ஒருவர் ஸ்லாப் பழக முயன்றால் ஒரு வாரத்தில் விரல்கள் கொப்புளித்து, கருவியே வேண்டாம் என்று மூலையில் சாய்த்துவிடுவார். குற்றம் அவருடைய விரல்களிலும் இல்லை, ஒட்டுப்பலகையிலும் இல்லை.

மாற்றங்களைத் தந்தியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் குதிரையின் உயரம், நட்டின் பள்ளங்கள், விரல்பலகையின் குழிவு ஆகிய அனைத்தும் எந்தத் தந்தி பூட்டப்போகிறோம் என்பதைப் பொறுத்தே அமையும். முதலில் குதிரையைச் சீரமைத்துவிட்டுப் பிறகு தந்தியை மாற்றுவோர் அதே வேலைக்கு இரண்டு முறை பணம் கொடுக்க நேரிடும். சாதாரண எஃகுத் தந்தி ஒவ்வொன்றும் சுருதி சேர்த்த நிலையில் ஏறத்தாழ 28 முதல் 30 கிலோ விசையோடு இழுக்கும். ஸ்லாப் வாசிப்புக்கென்று செய்யப்படும் நைலான் வகைத் தந்திகளின் இழுவிசை அதைவிடக் கணிசமாகக் குறைவு. பலவும் 20 கிலோவை ஒட்டியே நிற்கின்றன. நிமிடத்துக்கு 200 தட்டுகளைத் தாண்டும் பாட்டில், ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு முறை தந்தியை இழுத்துவிட வேண்டியிருக்கும்போது, இந்த வேறுபாடு கையின் உயிரைக் காக்கும் வேறுபாடாகிவிடுகிறது. இழுவிசை குறைந்தால் மேற்பலகையின் மீது குதிரை செலுத்தும் அழுத்தமும் குறையும் என்பதால், மெல்லிய கட்டுமானம் கொண்ட மலிவுக் கருவிகளுக்கு அது கூடுதல் பாதுகாப்பு.

ஆட்டுக்குடல் நரம்பால் செய்த தந்திகளே இந்த இசையின் பழைய ஓசைக்கு மூலம். ஜி, டி ஆகிய மெல்லிய தந்திகள் வெறும் நரம்பாகவும், ஏ, ஈ ஆகிய தடித்த தந்திகள் உலோகக் கம்பி சுற்றியவையாகவும் இருப்பது நீண்டகால வழக்கம். அந்த ஓசையில் எனக்குத் தனிப் பற்று உண்டு. ஆனால் நரம்புத் தந்திகள் விலை மிகுந்தவை, வானிலை மாறினால் சுருதி மாறுபவை, அறை வாங்கி வாங்கி இழை பிரிபவை. ஆகவே புதியவர்களுக்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. செயற்கை மையத்தின் மீது மென்மையான உறை சுற்றிய ஸ்லாப் தந்திகள் அவர்களுக்குப் போதுமானவை. அதற்கும் பணம் இல்லாதவர்கள் மேற்கொள்ளும் வழி ஒன்று, நம்புவதற்குக் கடினமாகத் தோன்றினாலும், பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ளது: புல் வெட்டும் இயந்திரத்தில் சுழலும் தடித்த நைலான் இழையை வாங்கித் தந்தியாகப் பூட்டுவது. ஜி தந்திக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் விட்டத்தில் தொடங்கி, ஈ தந்திக்கு 4 மில்லிமீட்டர் வரை படிப்படியாகத் தடிமனைக் கூட்டுகிறார்கள். இழை வட்டமான குறுக்குவெட்டு உடையதாக இருக்க வேண்டும். விளிம்புள்ள இழை விரலைக் கிழித்துவிடும். அது முதல் சில நாள்களுக்கு நீண்டுகொண்டே இருக்கும் என்பதால் மீண்டும் மீண்டும் சுருதி சேர்க்க வேண்டும். ஈ தந்தியில் சுரத்தின் தெளிவு குறைவாகவே கிடைக்கும். ஆனால் விரலுக்கு மென்மையும், உள்ளங்கையால் அறையும்போது நல்ல ஓசையும் கிடைக்கின்றன. ஸ்லாப் தனக்கு ஏற்றதா என்று அறிந்துகொள்ள விரும்பும் ஒருவருக்கு அது மிகையான செலவின்றி விடை தந்துவிடும்.

அடுத்து உயரம். இதில்தான் நல்ல பழுதுபார்ப்பவர்கள்கூடத் தவறான முடிவெடுக்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. விரல்பலகையின் கீழ்முனையில், தந்தியின் அடிப்புறத்துக்கும் பலகைக்கும் இடையே உள்ள இடைவெளியையே தந்தியின் உயரம் என்கிறோம். இன்றைய ஜாஸ் கலைஞர்கள் எஃகுத் தந்தியோடு ஜி பக்கம் 5 முதல் 6 மில்லிமீட்டரும், ஈ பக்கம் 8 முதல் 9 மில்லிமீட்டரும் வைத்துக்கொள்வது பொதுவான வழக்கம். உயரம் குறைந்தால் வாசிப்பு எளிது என்ற எண்ணத்தில், ஸ்லாப் வாசிப்பவரின் கருவியையும் அதே அளவுக்கோ அதைவிடத் தாழ்வாகவோ இறக்கிவிடுகிறார்கள். இழுவிசை குறைந்த தந்தி அகலமாக அதிரும். அதற்கு இடம் தராவிட்டால் சுரம் ஒவ்வொன்றும் பலகையில் உரசிப் பொரியும். மேலும், தந்திக்கு அடியில் விரலை நுழைக்க இடமில்லாவிட்டால் இழுப்பே முழுமையாக நடக்காது. விரல்நுனி பலகையில் மோதிப் புண்ணாவதோடு, ‘டக்’ ஓசையும் மெலிந்துபோகும். ஆகவே மென்தந்திகளுக்கு ஜி பக்கம் 7 முதல் 8 மில்லிமீட்டரிலும், ஈ பக்கம் 10 முதல் 11 மில்லிமீட்டரிலும் தொடங்குமாறு நான் கூறுவது வழக்கம். வெறும் நரம்புத் தந்தியாயின் இதற்கும் சற்று மேலே போகலாம். எஃகுத் தந்தியில் இந்த உயரம் கையை ஒடித்துவிடும். மென்தந்தியிலோ இதுவே இயல்பாக இருக்கும். இழுவிசையையும் உயரத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பதை யாரும் புதியவர்களுக்கு எடுத்துச் சொல்வதில்லை என்பது என் நீண்டநாள் ஆதங்கம்.

நட்டில் இதற்கு நேர்மாறான விதி. அங்கே இடைவெளி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. தந்திக்கும் பலகைக்கும் இடையே ஒரு முகவரி அட்டை நுழையும் அளவு, அதாவது அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக, இருந்தால் போதும். மலிவுக் கருவிகளில் இது பல மடங்கு அதிகமாக இருப்பதால், கழுத்தின் மேற்பகுதியில் முதல் சுரங்களை அழுத்தவே இடக்கை திணறுகிறது. ராக்கபில்லியின் பேஸ் வரிகள் பெரும்பாலும் அந்தப் பகுதியிலேயே நடமாடுவதால், நட்டைச் சரிசெய்யாமல் குதிரையை மட்டும் இறக்குவதில் பயனில்லை. மென்தந்திகள் எஃகுத் தந்திகளைவிடத் தடித்தவை. எனவே நட்டிலும் குதிரையிலும் உள்ள பள்ளங்களை உருண்டை அரத்தால் அகலப்படுத்தி, வழவழப்பாக்கி, பென்சில் கரியைத் தடவிவிட வேண்டும். இதைச் செய்யாமல் தடித்த தந்தியைப் பூட்டினால் அது பள்ளத்தில் சிக்கிக்கொண்டு, சுருதி சேர்க்கும்போது திடீர் திடீரென்று தாவும்.

குதிரையைப் பொருத்தும் வேலை பொறுமை கேட்பது. அதன் இரு பாதங்களும் மேற்பலகையின் வளைவில் ஒரு தாள்கூட நுழையாதபடி படிய வேண்டும். எஃப் வடிவத் துளைகளின் உட்புறத்தில் காணப்படும் சிறு வெட்டுகள் இரண்டையும் இணைக்கும் கோட்டில் குதிரை நிற்க வேண்டும். தந்திகளின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸை நோக்கிய அதன் முகம் மேற்பலகைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். நைலான் தந்திகள் நீளும்போது, ஒவ்வொரு முறை முறுக்காணியைத் திருப்பும்போதும் குதிரையின் மேல்விளிம்பு விரல்பலகைப் பக்கம் சாய்ந்துகொண்டே போகும். கவனிக்காவிட்டால் ஒருநாள் அது மடங்கி விழும், அல்லது நிரந்தரமாக வளைந்துவிடும். தந்தியைச் சற்றுத் தளர்த்தி, இரு கைகளாலும் மெல்ல நிமிர்த்துவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். குதிரையின் கால்களில் உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் திருகுச் சக்கரங்களைப் பொருத்திக்கொள்வது, பணம் குறைவாக உள்ளவர்கள் தயங்காமல் செய்ய வேண்டிய செலவு என்பேன். தந்தியை மாற்றினாலும் பருவம் மாறினாலும் மீண்டும் பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டியதில்லை. ஆனால் கால்களை நேராக அறுத்துத் துளையிடும் வேலையைப் பயிற்சி உள்ளவரிடமே ஒப்படைக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குதிரையின் ஜி பக்கத்துப் பாதத்துக்குச் சற்றுப் பின்னால், கருவியின் உள்ளே, சவுண்ட் போஸ்ட் என்னும் சிறு மரத்தூண் மேற்பலகைக்கும் பின்பலகைக்கும் இடையில் பசையின்றி நிற்கிறது. அதை நிறுத்தி வைத்திருப்பது தந்திகளின் அழுத்தமே. எல்லாத் தந்திகளையும் ஒரே நேரத்தில் கழற்றினால் அது விழக்கூடும். விழுந்த நிலையில் மீண்டும் தந்தியை முறுக்கினால் மேற்பலகை அமுங்கிப் பாழாகும். தந்திகளை ஒவ்வொன்றாகவே மாற்ற வேண்டும்.

விரல்பலகையைப் பொறுத்தவரை, நல்ல கருவிகளில் அது கருங்காலி. மலிவுக் கருவிகளில் வேறு மரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசியிருப்பார்கள். சாயம் பூசிய மரம் கருங்காலியைவிட விரைவாகத் தேயும்தான். ஆனால் நைலானும் நரம்பும் எஃகைப் போல் அதை அறுப்பதில்லை. பலகையின் நீளவாட்டில் ஓர் இரும்பு அளவுகோலை வைத்துப் பார்த்தால் நடுவில் மெல்லிய குழிவு தெரிய வேண்டும்: ஜி பக்கம் 1 மில்லிமீட்டர் அளவிலும், ஈ பக்கம் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும். எங்காவது மேடு இருந்தால் அந்த இடத்தில் சுரங்கள் பொரியும், அறை ஓசையும் இடத்துக்கு இடம் மாறும். பலகையை இழைத்துச் சமன்செய்வது கைதேர்ந்தவரின் வேலை; அதற்கு ஆகும் செலவு குறைவில்லை என்றாலும், மேடு இருக்குமானால் வேறு எதுவும் அதற்கு ஈடாகாது.

அதிரும்போது கடகடக்கும் முறுக்காணித் திருகுகளை இறுக்குவது, கருவியைத் தரையில் தாங்கும் எண்ட்பின்னின் பிடிதிருகைச் சரிபார்ப்பது போன்ற சில்லறை வேலைகளை அரை மணி நேரத்தில் எவரும் செய்துகொள்ளலாம். வாங்கும்போதே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: கழுத்து உடலோடு சேரும் அடிப்பகுதி. அங்கே பசை விட்டிருந்தாலோ, மெல்லிய கோடுபோல் வெடிப்பு தென்பட்டாலோ அந்தக் கருவியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். தந்தியின் இழுவை முழுவதையும் தாங்கும் இடம் அது. அந்தப் பழுதைச் சரிசெய்யும் செலவு கருவியின் விலையையே மிஞ்சிவிடலாம்.

மேடையில் வாசிக்கப்போகிறவர்கள், தந்தியின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் பிக்கப் வாங்கும் முன் நினைவில் கொள்ள வேண்டியவை சில. எஃகு இல்லாத தந்தியைக் காந்தப் பிக்கப் உணராது. அதிர்வின் அழுத்தத்தை உணரும் பீசோ வகையே பயன்படும். குதிரையில் பொருத்தும் பீசோ சுரத்தை நன்றாக எடுக்கும், ஆனால் உள்ளங்கை அறையும் ஓசையை முழுமையாகத் தராது. அதனால்தான் ஸ்லாப் கலைஞர்கள் விரல்பலகையின் அடியில் இரண்டாவது பீசோ ஒன்றை ஒட்டி, இரண்டையும் தனித்தனியாக அளவு கூட்டிக் குறைக்கும் முன்பெருக்கியின் வழியாகக் கலந்து கொடுக்கிறார்கள். முன்பெருக்கியின் உள்ளீட்டு மின்மறுப்பு குறைந்தது 1 மெகா ஓமாவது இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அடி ஓசை உறிஞ்சப்பட்டு, தகரத்தைத் தட்டுவது போன்ற சத்தமே மிஞ்சும். ஈ தந்தியின் அடிப்படை அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்ஸ் என்பதால், அதற்குக் கீழே உள்ளவற்றை வடிகட்டியால் நீக்கிவிட்டால் சுரத்துக்கு இழப்பில்லாமல் முழக்கமும் ஊளையும் பெருமளவு அடங்கும். எஃப் துளைகளில் நுரைப்பஞ்சைச் செருகுவதும் உதவும். விரல்பலகைப் பிக்கப்பின் அளவை மிதமாக வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தந்தியை அறையும் ஓசை பாடகரின் குரலை மூடிவிடும் குழுக்களை இப்போது அடிக்கடி கேட்க நேர்கிறது. அது கேட்போரையும் களைப்படையச் செய்கிறது, பாட்டையும் சிதைக்கிறது.

செதுக்கிய மரக் கருவிகளின் அருமையை நான் குறைத்துக் கூறவில்லை. வில்லால் வாசிப்போருக்கும், நீண்ட சுரங்களில் பாடும் ஜாஸ் வாசிப்போருக்கும் அவை இன்றியமையாதவை. ஆனால் ஸ்லாப் பழக விரும்பி, கையில் உள்ள சிறு தொகையோடு வழி தேடும் ஓர் இளைஞர், தங்கள் நாளிதழின் சொல்லை நம்பிப் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தால் அது பெரும் இழப்பு. தன்னிடம் உள்ள தொகை முழுவதையும் கருவியின் விலைக்கே செலவிட்டுவிடாமல், அதில் ஒரு பகுதியைத் தந்திக்கும் குதிரைக்கும் நட்டுக்கும் என்று ஒதுக்கி வைத்துக்கொண்டு அவர் இப்போதே தொடங்கலாம். கட்டுரையின் தொடர்ச்சி வெளிவருவதாக இருந்தால், மேலே குறிப்பிட்ட தந்தி உயரங்களையும் தந்தி வகைகளையும் பற்றிய விளக்கத்தையும் அதில் சேர்த்து வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்